ரெஸ்லிங் பேக்ஸ்டேஜ் வதந்தி: எதை நம்பலாம், எதைத் தள்ளிவிடலாம்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.ஈ. எழுதிவைத்து நடத்துவதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, மேடைக்குப் பின்னால் சண்டை, இவர் கம்பெனி மாறுகிறார், அவரைத் தூக்கிவிட்டார்கள் என்று தினமும் வரும் செய்தியை மட்டும் எப்படி நம்புவது? அதுவும் ஸ்கிரிப்ட்தானே?" யூடியூபில் வரும் தமிழ் வீடியோக்களில் சொல்வது பாதிக்கு மேல் நடப்பதே இல்லை என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது.

முதல் பாதிக்குப் பதில் நம்ம பக்கத்துக் கூத்திலேயே இருக்கிறது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய பாரதக் கூத்து உண்டு. பதினெட்டாம் போரில் துரியோதனன் விழப்போகிறான் என்பது பாயில் படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் இந்த வருஷம் துரியோதனன் வேஷம் யாருக்கு, போன வருஷம் கட்டியவர் ஏன் வேறு ஜமாவுக்குப் போனார், சம்பளத் தகராறா, வாத்தியாரோடு மனஸ்தாபமா என்பதை வியாசர் எழுதிவைக்கவில்லை. ரெஸ்லிங்கிலும் எழுதப்படுவது ஆட்டத்தின் முடிவு. ஒப்பந்தம், சம்பளம், பொறாமை, முழங்கால் வலி, முதலாளியின் கோபம் இதெல்லாம் நிஜம். பேக்ஸ்டேஜ் செய்தி அதைப் பற்றியது.

இதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு ரொம்ப நாளாகிறது. 1989-ல் நியூஜெர்சி மாநில செனட்டில், நாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு, நிஜப் போட்டி கிடையாது என்று அப்போதைய முதலாளி வின்ஸ் மெக்மேனின் இந்தக் கம்பெனி சொல்லிவிட்டது. உண்மை பேசும் ஆசையால் இல்லை. விளையாட்டு என்று ஒப்புக்கொண்டால் மாநில அத்லெட்டிக் கமிஷனின் கட்டுப்பாடும் வரியும் தலைமேல் ஏறும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, ரிங்கில் பரம எதிரிகளாக இருந்த அயர்ன் ஷேக்கும் ஹேக்ஸா ஜிம் டக்கனும் ஒரே காரில் போகும்போது போலீசில் மாட்டியது பெரிய மானக்கேடாகப் போனது. மாட்டியது போதைப்பொருளோடு என்பதைவிட, இரண்டு பேரும் ஒரே காரில் இருந்ததுதான் கம்பெனிக்கு அதிகம் உறைத்தது.

சரி, இப்போது நம்பகத்துக்கு வருவோம். என் வழக்கம் என்னவென்றால், ஒரு செய்தி வந்ததும் உண்மையா பொய்யா என்று யோசிப்பதற்கு முன், இது வெளியே வந்ததால் யாருக்கு லாபம் என்று பார்ப்பேன். பேக்ஸ்டேஜ் செய்தி தானாக ஒழுகுவதில்லை. யாரோ ஒருவர் நிருபரிடம் போன் போட்டுச் சொல்கிறார். ஒப்பந்தம் முடியப்போகும் ரெஸ்லருக்கு, "எதிர்க் கம்பெனி ஆர்வமாக இருக்கிறது" என்ற செய்தி சம்பளத்தை ஏற்றும். கம்பெனிக்கு, "அவரோடு வேலை செய்வது கஷ்டம்" என்ற செய்தி அதே சம்பளத்தை இறக்கும். வேலை போன எழுத்தாளருக்கு ஆத்திரம். இதில் யாரும் பொய் சொல்லவேண்டும் என்பதில்லை. தனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொன்னால் போதும்.

இதற்கு சிஎம் பங்க் என்ற ரெஸ்லரின் விவகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 2014 ஜனவரியில் ராயல் ரம்பிள் முடிந்த மறுநாள் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யை விட்டு வெளியேறினார். ஏழு வருஷம் கழித்து 2021 ஆகஸ்டில் சிகாகோவில் எதிர்க் கம்பெனியான ஏ.ஈ.டபிள்யூ.வில் நுழைந்தார். 2022 செப்டம்பர் 4-ம் தேதி அவர்களுடைய ஆல் அவுட் நிகழ்ச்சி முடிந்ததும் பத்திரிகையாளர் சந்திப்பில், முதலாளி டோனி கான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, ரெஸ்லர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருந்த கென்னி ஒமேகா, யங் பக்ஸ் தரப்பை வறுத்தெடுத்தார். கொஞ்ச நேரத்தில் பின்னால் இரண்டு தரப்புக்கும் அடிதடி. யார் முதலில் கை வைத்தது, கதவை உதைத்துத் திறந்தார்களா, தட்டிவிட்டு வந்தார்களா என்று ஒவ்வொரு நிருபரிடமும் ஒவ்வொரு கதை. கவனித்துப் படித்தவர்களுக்கு ஒன்று புரிந்தது: எந்த நிருபர் எந்தக் கோஷ்டியோடு பேசுகிறாரோ, அவர் எழுதியதில் அந்தக் கோஷ்டி அப்பாவியாக இருந்தது. அடிதடி நடந்தது என்பதில் எல்லாக் கதையும் ஒத்துப்போனது. சம்பந்தப்பட்டவர்களை விலக்கிவைத்து, அவர்கள் கையிலிருந்த சாம்பியன் பெல்ட்டுகளையும் பறித்ததால் அது உறுதியும் ஆனது. ஆக, இரண்டு எதிரெதிர் தரப்பும் ஒப்புக்கொள்ளும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தரப்பு மட்டும் சொல்லும் சுவையான பகுதியை ஓரமாக வைக்கவேண்டும்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 27-ல் லண்டன் வெம்ப்லியில் ஏ.ஈ.டபிள்யூ.வின் ஆல் இன் நடந்தபோது ஜாக் பெர்ரி என்ற ரெஸ்லரோடு பங்குக்கு இன்னொரு தள்ளுமுள்ளு. ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 2-ம் தேதி, பங்க் நீக்கப்பட்டார். 2024 ஏப்ரலில் ஏ.ஈ.டபிள்யூ. அந்தக் கேமரா பதிவைத் தன் டைனமைட் நிகழ்ச்சியிலேயே போட்டுக் காட்டியது. பேக்ஸ்டேஜ் சண்டையின் காட்சியைக் கம்பெனியே ஒளிபரப்புவது அபூர்வம். அங்கேயும் லாபக் கணக்கு உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்புதான் பங்க் ஒரு பேட்டியில் தன் பக்கத்தைச் சொல்லியிருந்தார். பதிலுக்கு இவர்கள் வீடியோவை எடுத்தார்கள். எடுத்ததை யங் பக்ஸின் அடுத்த மேட்சுக்கு விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். ரசிகர்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

இடையில் 2023 நவம்பர் 25 வந்துபோனது. சிகாகோவில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் சர்வைவர் சீரிஸ் முடியும் நேரம், பங்கின் நுழைவுப் பாட்டு ஒலித்தது, அவர் திரும்பிவந்தார். அவர் வருவாரா மாட்டாரா என்று வாரக்கணக்கில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுவார்த்தையே இல்லை என்ற செய்திகளும் வந்தன. கடைசியில் விஷயம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் தெரிந்திருந்தது. 2025 மார்ச் 1-ம் தேதி டொராண்டோவில் ஜான் சீனா கோடி ரோட்ஸை முதுகில் குத்தியதும் அப்படித்தான். இருபது வருஷத்துக்கு மேல் நல்லவனாக இருந்த ஆள் ஹீல், அதாவது வில்லன், ஆகிறார் என்பது முன்கூட்டிக் கசியவே இல்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். வாராந்திர நிகழ்ச்சியின் மேட்ச் பட்டியல் எழுத்தாளர், ரெஃப்ரீ, கேமரா, லைட்டிங் என்று நூறு பேர் கையில் போகிறது. அதனால் கசிகிறது. நிஜமான பெரிய அதிர்ச்சி நாலைந்து பேர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. ஆகவே "ஞாயிற்றுக்கிழமை உலகமே அதிரப்போகிறது" என்று தலைப்பு வைக்கும் வீடியோ அநேகமாக ஊகம். அதிரப்போவது உண்மையாக இருந்தால் அந்த வீடியோக்காரருக்குத் தெரிந்திருக்காது.

இப்போது உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன், சொன்னது நடப்பதில்லை என்பது. கதைத் திட்டம் பற்றிய செய்தி விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு பாதிதான் நியாயம். ஒரு திட்டம் எழுதப்பட்டிருக்கும், நிருபருக்கு வரும், அவர் சொல்வார், அதற்குள் திட்டம் மாறியிருக்கும். டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா, 2024-ல் என்ன ஆனது என்று பாருங்கள். ஜனவரி 23-ல் தி ராக் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் தாய்க் கம்பெனியான டி.கே.ஓ. நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். 27-ல் கோடி ரோட்ஸ் ராயல் ரம்பிள் ஜெயித்தார், ஜெயித்தவருக்கு ரெஸில்மேனியாவில் சாம்பியனோடு மோதும் உரிமை உண்டு. அதே மேட்சில் பங்குக்கு டிரைசெப்ஸ் கிழிந்தது, அவருக்காகப் போட்டிருந்த கணக்கு கலைந்தது. பிப்ரவரி 2-ம் தேதி ஸ்மாக்டவுனில் கோடி ஒதுங்கிக்கொள்ள, ராக் வந்து சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸ் எதிரே நின்றார். ரோமன், ராக் மேட்ச்தான் என்று எழுதியவர்கள் அன்றைக்குச் சொன்னது சரி. ஆனால் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். எங்களுக்குக் கோடிதான் வேண்டும் என்று அரங்கத்திலும் இணையத்திலும் ஒரே சத்தம். ஆறே நாளில், பிப்ரவரி 8-ம் தேதி லாஸ் வேகாஸ் மேடையில், கோடி ரோமனையே எதிராளியாகத் தேர்ந்தெடுத்தார், ராக் கோடியின் கன்னத்தில் அறைந்தார், கதை திரும்பியது. ஏப்ரல் 7-ம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் கோடியிடம் தோற்று ரோமனின் 1316 நாள் சாம்பியன் ஆட்சி முடிந்தது.

பிப்ரவரி 3-ம் தேதி எழுதிய நிருபரை ஏப்ரலில் பொய்யர் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்தச் செய்தியை எடுத்து மார்ச்சிலும் புதுச் செய்தி மாதிரி ஓட்டிய வீடியோக்காரரைத் திட்டலாம், தாராளமாக.

தமிழ் வீடியோக்களில் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1980-களிலிருந்து அப்சர்வர் என்ற செய்திமடலை நடத்திவரும் டேவ் மெல்ட்சர், ஃபைட்ஃபுல் என்ற செய்தித் தளத்தின் ஷான் ராஸ் சாப் மாதிரி ஆட்கள் சந்தாதாரர்களுக்கு ஒன்று எழுதுவார்கள். "இருவருக்கும் பேச்சு நடப்பதாகத் தெரிகிறது" என்று இருக்கும். அதை இலவசத் தளம் ஒன்று சுருக்கி, "ஒப்பந்தம் நெருங்குகிறது" என்கும். இந்தி வீடியோவில் அது "வருகிறார்" ஆகும். நம்ம ஆள் கையில் வரும்போது கையெழுத்தே போட்டிருப்பார், தம்ப்னெயிலில் சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் இருக்கும். ஒவ்வொரு படியிலும் சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடுகிறது. வீடியோ பார்த்தால், யார் சொன்னது என்று பெயர் சொல்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். "வெளிநாட்டு மீடியாவில் சொல்கிறார்கள்" என்றால் மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

பெயர் சொன்னாலும் கண்ணை மூடி நம்பமுடியாது என்பதற்கு 2023 ஜனவரி. வின்ஸ் மெக்மேன், முந்தைய வருஷம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட ரகசியப் பணப் பட்டுவாடா செய்திகளால் ஒதுங்கியிருந்தவர், கம்பெனியை விற்பது பற்றிப் பேசவேண்டும் என்று சொல்லி இயக்குநர் குழுவுக்குத் திரும்பினார். 10-ம் தேதி மகள் ஸ்டெபனி ராஜினாமா. அன்று ராத்திரியே, அதாவது நமக்கு 11-ம் தேதி காலை, டபிள்யூ.டபிள்யூ.ஈ. சவூதி அரசின் முதலீட்டு நிதிக்கு விற்கப்பட்டுவிட்டது என்ற செய்தி பறந்தது. நேரு வீதி டீக்கடையில்கூட அதே பேச்சு. 2018 முதல் சவூதியோடு பத்து வருஷ ஒப்பந்தம் இருந்தது, வின்ஸ் விற்க விரும்பினார், மகள் விலகினார், மூன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்துக் கோத்த நாலாவது மட்டும் பொய். அப்படி ஒரு விற்பனையே நடக்கவில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஏப்ரல் 3-ம் தேதி வாங்குவதாக அறிவித்தது எண்டெவர் என்ற அமெரிக்கக் கம்பெனி. செப்டம்பரில் அவர்களுடைய சண்டைப் போட்டி நிறுவனமான யு.எஃப்.சி.யோடு சேர்த்து டி.கே.ஓ. உருவானது.

பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி விஷயத்தில் ஒரு வசதி உண்டு. விற்பனை, இயக்குநர் மாற்றம் எல்லாம் அரசிடம் தாக்கல் செய்தே ஆகவேண்டும், எவரும் படிக்கலாம். புது ரிங் பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பிப்பதும் அப்படியே பொதுவில் வரும். சலிப்பூட்டும் காகிதம்தான், ஆனால் இருப்பதிலேயே நம்பகமான செய்தி அதில்தான். இன்னொன்று 90 நாள் கணக்கு. டபிள்யூ.டபிள்யூ.ஈ. மெயின் ரோஸ்டரிலிருந்து, அதாவது முதன்மை அணியிலிருந்து, ஒருவரை விடுவித்தால் பொதுவாக 90 நாள் வேறு டிவியில் தலைகாட்டக்கூடாது, வளரும் ஆட்களுக்கான என்.எக்ஸ்.டி. பிரிவில் இருப்பவர்களுக்கு 30 நாள். நேற்று நீக்கப்பட்டவர் அடுத்த வாரம் ஏ.ஈ.டபிள்யூ.வில் குதிக்கிறார் என்று சொன்னால் காலண்டரைப் பார்த்தே சிரித்துவிடலாம். ஆனால் ஒப்பந்தம் இயல்பாக முடிந்தவருக்கு இந்தத் தடை கிடையாது, அதையும் பார்க்கவேண்டும்.

காயம் பற்றிய வதந்தி தனி ரகம். நம்ம ரசிகர்களுக்கு இதில் அளவுக்கு மீறிய சந்தேக புத்தி. 2022 ஜூன் 5-ம் தேதி ஹெல் இன் எ செல் மேட்சுக்குக் கோடி ரோட்ஸ் வந்து மேல்சட்டையைக் கழற்றியபோது மார்பின் ஒரு பக்கமும் கையும் கறுத்த ஊதாவாகக் கன்றிப்போயிருந்தன. மேக்கப் என்று அடித்துச் சொன்னார்கள். மார்புத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துபோயிருந்தது. அதோடு சேத் ராலின்ஸ் எதிரே இருபது நிமிஷத்துக்கு மேல் ஆடி ஜெயித்துவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார், அடுத்த ராயல் ரம்பிளில்தான் திரும்பினார்.

நிஜத்துக்கும் நடிப்புக்கும் நடுவே கோடு எங்கே என்று உள்ளே இருப்பவர்களுக்கே சில நேரம் தெரியாது. 2016 சம்மர்ஸ்லாமில் பிராக் லெஸ்னர் முழங்கையால் இடித்து ராண்டி ஆர்ட்டன் தலையைப் பிளந்தார். பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ் ஜெரிக்கோ, இது பேசிவைத்ததா இல்லையா என்று பின்னால் சத்தம் போட, லெஸ்னரோடு முகத்துக்கு முகம் நிற்கும் அளவுக்குப் போனது. கால் நூற்றாண்டு அனுபவம் உள்ளவருக்கே அந்த நிலைமை. 1997 நவம்பர் 9-ம் தேதி மான்ட்ரியலில் சாம்பியன் பிரெட் ஹார்ட் தோற்கவேண்டும் என்று ஒரு சிலர் மட்டும் பேசிவைத்திருந்தார்கள், அவருக்குச் சொல்லப்படவில்லை. எதிராளி ஷான் மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டர் என்ற பிடியைப் போட்டதும், பிரெட் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டாமலேயே மணி அடிக்கச் சொன்னார் வின்ஸ். நிஜத் துரோகம். ஆனால் அதையே மூலதனமாக வைத்து வின்ஸ் வில்லன் முதலாளியாக வேஷம் கட்டி, ஸ்டோன் கோல்ட் என்ற நாயக ரெஸ்லருக்கு எதிராக நின்று, கம்பெனி தூக்கிநின்றது. பேக்ஸ்டேஜ் சண்டை என்றாலே "இது வொர்க்தானே", அதாவது எழுதிவைத்ததுதானே, என்று ரசிகர்கள் கேட்கும் பழக்கம் அதிலிருந்து வளர்ந்தது என்பது என் கணிப்பு.

இந்தப் பழக்கத்தின் மோசமான பக்கத்தையும் பார்த்திருக்கிறோம். 2007 ஜூன் 11-ம் தேதி வின்ஸ் ஏறிய லிமோசின் வெடித்ததாகக் காட்டினார்கள். கதைதான். இரண்டு வாரத்தில் ரெஸ்லர் கிறிஸ் பென்வா, மனைவி, மகன் மூவரும் வீட்டில் இறந்துகிடந்தார்கள். முதலில் பல பேர் அதையும் கதை என்றே நினைத்தார்கள். மனைவியையும் மகனையும் கொன்றது பென்வாதான் என்பது தெரிவதற்குள் அஞ்சலி நிகழ்ச்சியே ஒளிபரப்பாகிவிட்டது. சாவுச் செய்தி விஷயத்தில் எவ்வளவு பழகினாலும் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.

நம்ம ஊருக்கு வந்தால், வதந்தி என்றாலே அண்டர்டேக்கர்தான். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் டிரம்ப் கார்டு வாங்கிய தலைமுறைக்குத் தெரியும், அவர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர், இரண்டு அண்டர்டேக்கர் உண்டு. இரண்டாவது விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. 1994 சம்மர்ஸ்லாமில் நிஜ அண்டர்டேக்கரும் போலியும் மோதினார்கள், போலி வேஷம் கட்டியவர் பிரையன் லீ. டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் நிகழ்ச்சி பல நாள் தள்ளித்தான் வரும் என்பதால், லாஸ்பேட்டை பிரவுசிங் சென்டரில் முடிவைப் படித்துவிட்டு வருபவன்தான் அன்றைக்குத் தெருவில் பெரிய மனிதன். பெரியவர்களுக்கு இன்னொரு அடுக்கு: அந்தக் கால மல்யுத்த வீரர்கள் தாராசிங், கிங்காங். தாராசிங் நிஜமாக அடித்தாரா என்று கேட்டால் முத்தியால்பேட்டைத் தாத்தாக்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். 1968-ல் மும்பையில் அமெரிக்க மல்யுத்த வீரர் லூ தெஸ்ஸையே வீழ்த்தியவர் என்பார்கள், அது சரிதான். டபிள்யூ.டபிள்யூ.ஈ.யே 2018-ல் அவர் பெயரைத் தன் ஹால் ஆஃப் ஃபேமின் மரபுப் பிரிவில் சேர்த்தது.

இந்திய வம்சாவளி ரெஸ்லர் பற்றி வரும் வதந்திக்கும் அதே லாபக் கணக்குப் பொருந்தும். 2017 மே மாதம் ஜிண்டர் மஹால் ராண்டி ஆர்ட்டனை வென்று சாம்பியன் ஆனபோது, இந்தியச் சந்தைக்காகத்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். நம்பத் தகுந்த ஊகம். ஆனால் அந்த ஊகத்தை நீட்டி, டிசம்பர் டெல்லி நிகழ்ச்சிக்கு அவர் பெல்ட்டோடு வருவார் என்று அடித்துச் சொன்னவர்கள் ஏமாந்தார்கள். நவம்பர் 7-ம் தேதி மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பெல்ட் போனது. டெல்லியில் டிரிபிள் எச்சிடமும் தோற்றார். சர்வைவர் சீரிஸில் லெஸ்னருக்கு எதிரே ஸ்டைல்ஸ் நின்றால் மேட்ச் நன்றாக இருக்கும் என்பது அவர்களுக்கு இந்தியப் பயணத்தைவிட முக்கியமாகப் பட்டிருக்கிறது. மேட்ச் நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

தம்பி கடைசியாக ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டையும் அனுப்பி, சென்னையில் நிகழ்ச்சி நடக்கப்போகிறதாமே, கடலூரிலிருந்து வேன் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். 2023 செப்டம்பர் 8-ம் தேதி ஹைதராபாத் கச்சிபௌலி உள்ளரங்கில் நடந்தபோது, கம்பெனியே முன்கூட்டி அறிவித்து, டிக்கெட் விற்று, ஜான் சீனா வருகிறார் என்று விளம்பரமும் செய்தது. அவர் வந்தார், சேத் ராலின்ஸோடு சேர்ந்து ஆடினார். உங்கள் ஃபார்வர்டில் தேதி இருக்கிறது, அண்டர்டேக்கர் படம் இருக்கிறது, டிக்கெட் எங்கே கிடைக்கும் என்பது இல்லை. அண்டர்டேக்கர் ஓய்வு பெற்று 2020-லேயே விடைபெற்றுவிட்டார். வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.